மொழிபெயர்ப்பாளர் வெளியேற அனுமதி கேட்கிறார்

ஐம்பத்திரண்டு வயதில், ஒரு பெண் வைத்தியருக்கு முன்னால் அமர்ந்து, "எனக்கு எழும்புவதில்லை" என்று பிரெஞ்சில் சொன்னேன். பிரச்சினை என்னுடையதல்ல. எனக்கு அரையடி முன்னால் இருந்த இருபத்தாறு வயது இளைஞருடையது. ஆனால் மருத்துவ மொழிபெயர்ப்பில் "அவர் சொல்கிறார்" என்ற பேச்சுக்கே இடமில்லை. நோயாளி "நான்" என்றால் நாமும் "நான்" என்றுதான் சொல்ல வேண்டும். நமக்காக ஏதாவது சொல்ல நேர்ந்தால் மட்டும், யாரோ மூன்றாம் ஆளைப் பற்றிப் பேசுவதுபோல, "மொழிபெயர்ப்பாளர் கேட்கிறார்" என்று தொடங்க வேண்டும்.

ஓய்வு பெற்ற பிறகும் மொழிபெயர்ப்பாளர் சங்கத்தில் புதிதாகச் சேர்ந்தவர்கள் என்னிடம் கேட்பது இதைத்தான்: ஆண்களின் சிகிச்சைப் பிரிவில் பதினொரு வருடம் வெட்கப்படாமல் எப்படி இருந்தீர்கள்? வெட்கம் இரண்டு மாதத்தில் போய்விட்டது. போகாத ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி அவர்கள் கேட்டதில்லை. இருந்தும் அதைத்தான் எழுதப்போகிறேன்.

யாழ்ப்பாணத்தில் ஒரு நாளிதழில் ஒன்பது வருடம் இருந்தேன். செய்தி சேகரித்தேன், மற்றவர்களின் செய்தியைச் சுருக்கினேன், ஆளில்லாத நாட்களில் விளம்பரங்களுக்கும் மெய்ப்புப் பார்த்தேன். "ஆண்மைக்குறைவா? இரகசியம் காக்கப்படும்" என்ற விளம்பரத்தில் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்த்து ஒப்பமிட்டவன் நான். பாரிசுக்கு வந்தபின் உணவகங்களில் கோப்பை கழுவினேன். பிரெஞ்சு பிடிபட்டதும், ரூ லூயி-பிளாங்க் தெருவில் நண்பர் ஒருவரின் தொலைபேசிக் கடையில், பின்பக்கம் ஒரு மேசை போட்டு, கடிதங்களும் அகதி விண்ணப்பங்களும் எழுதிக் கொடுத்தேன். 2009இல் போர் முடிந்த பிறகு வந்தவர்களின் கூட்டம் அந்தக் கடை வாசலைத் தாண்டி நின்றது. அவர்களில் பலர் உடம்பில் ஏதோ ஒன்றோடு வந்திருந்தார்கள். வைத்தியசாலைகள் தமிழ் தெரிந்தவர்களைத் தேடின. மூன்று வாரப் பயிற்சி, ஒரு சான்றிதழ். வேலை மாறிவிட்டது.

பிரிவின் தலைமை வைத்தியரை எல்லோரும் மதாம் என்றே அழைத்தோம். நோயாளி உள்ளே வந்ததும் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் கவிழ்த்து வைப்பார். முதல் பத்து நிமிடம் எதுவும் எழுதமாட்டார். எனது கதிரையை நோயாளிக்கு அரையடி பின்னால் போடச் சொன்னவரும் அவர்தான். தன் நாட்டுக்காரனின் முகத்தைப் பார்த்துக்கொண்டு யாரும் இதைச் சொல்லமாட்டார்கள் என்பது அவருடைய கணிப்பு. அது சரியாகவே இருந்தது.

முதல் வாரத்திலேயே என் தவறைப் பிடித்துவிட்டார். ஒருவர் தன் தாய் ஊரிலிருந்து தொலைபேசியில் பேரப்பிள்ளை கேட்பதையும், அந்தப் பேச்சு முடிந்த கையோடு மனைவிக்குப் பக்கத்தில் படுக்கப் போவதையும் விரிவாகச் சொன்னார். நான் அதைச் செய்தித் தலைப்புப்போல ஒரே வசனமாக்கினேன்.

"அவர் ஒரு நிமிடம் பேசினார். நீங்கள் எனக்கு ஐந்து விநாடி தந்தீர்கள். மிச்சம் எங்கே?" என்றார் மதாம்.

பத்திரிகைப் பழக்கம் என்றேன். "இங்கே ஆசிரியர் யாரும் இல்லை" என்றார்.

"ஆண்மைக்குறைவு" என்ற சொல்லையும் அவர் விட்டுவைக்கவில்லை. அதன் நேர்ப்பொருள் என்ன என்று கேட்டார். சொன்னேன். இந்த அறைக்குள் அதைக் கொண்டுவர வேண்டாம் என்றார். இருபத்தாறு வயதுக்காரர் விறைப்பு இல்லை என்று வந்திருக்கிறார். அவர் ஆண்தானா என்று யாரும் கேட்கவில்லை. அன்றிலிருந்து விறைப்பு என்ற சொல்லையே பயன்படுத்தினேன். நோயாளிகள் கதைக்கும்போது "எழும்புறேல்லை" என்பார்கள். அதுவும் போதுமானதாக இருந்தது.

மதாமின் கேள்விகளுக்கு ஒரு வரிசை உண்டு. எப்போது தொடங்கியது, திடீரென்றா, கொஞ்சம் கொஞ்சமாகவா? எல்லா வேளையிலுமா, துணையோடு இருக்கும்போது மட்டுமா? காலையில் கண் விழிக்கும்போது விறைப்பு இருக்கிறதா? ஆசை இருக்கிறதா, அதுவும் குறைந்துவிட்டதா? புகை, மது, வேறு மருந்துகள், தூக்கம். கடைசியில், அந்த இடத்தில் எப்போதாவது அடிபட்டதா? திடீரென்று தொடங்கி, காலையில் ஒழுங்காக இருந்து, துணையிடம் மட்டும் தவறினால் பெரும்பாலும் பயமே காரணம். மெல்ல மெல்ல எல்லா வேளையிலும் இல்லாமற் போய், ஆசையும் கூடவே போனால், நீரிழிவு, இரத்தக் குழாய், சுரப்பிகள் என்று தேட வேண்டும். இளைஞர்கள் என்பதற்காக எல்லாவற்றையும் மனதின் தலையில் கட்டக்கூடாது என்று மாணவர்களுக்குச் சொல்வார்.

முதல் வகைக்கு ஓர் உதாரணம். ஒரு கடையில் பெயரில்லாத குளிசைகளை வாங்கி விழுங்கிவிட்டு வந்தார் ஓர் இளைஞர். "முதல் நாள் ஒண்டு அண்ணை, அடுத்த நாள் ரெண்டு. நெஞ்சு அடிச்சதுதான் மிச்சம்." வைத்தியர் எழுதித் தரும் குளிசையே ஆசையை உண்டாக்காது, ஆசை வந்த இடத்தில் இரத்த ஓட்டத்துக்கு உதவும், அவ்வளவுதான் என்று மதாம் விளக்கினார். சிலவகை இருதய மருந்துகளோடு சேர்ந்தால் ஆளையே கொல்லும் என்றார். அந்த இளைஞருக்குக் காலையில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. ஆகவே மூன்று வாரத்துக்கு உறவுக்கு முயலவே கூடாது, தொடலாம், அணைக்கலாம், அதற்குமேல் தடை என்றார்.

"அண்ணை, செய்யாமல் இருக்கச் சொல்லவோ இவ? அதுக்கோ நான் டொக்டரைப் பாக்க ரெண்டு மாசம் றொந்தேவுக்குக் காத்திருந்தனான்?"

விதிப்படி அதையும் மொழிபெயர்த்தேன். மதாம் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. தடை விதிக்கப்பட்டதும் பரீட்சை இல்லாமற் போகிறது. பரீட்சை இல்லாத இடத்தில் பயத்துக்கு வேலை இல்லை. அந்த இளைஞர் தடையை இரண்டாவது வாரமே மீறிவிட்டதாக அடுத்தமுறை வந்து பெருமையாகச் சொன்னார்.

இனி, போகாத அந்த ஒன்று.

அவரைக் குகன் என்று வைத்துக்கொள்வோம். இருபத்தொன்பது வயது. ஒரு பிரெஞ்சு உணவகத்தில் சமையல் வேலை, பாரிசின் புறநகரான ஒபர்வில்லியேயில் வீடு. மனைவி தர்சினி யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. எட்டு மாதமும் ஒன்றும் நடக்கவில்லை.

கதவைத் திறந்து உள்ளே வந்தவர் என்னைக் கண்டதும் நின்றார். "நீங்களோ அண்ணை?"

நோயாளி தெரிந்தவராக இருந்தால் மொழிபெயர்ப்பாளர் அதை உடனே சொல்ல வேண்டும். நான் அந்த இரண்டு சொற்களையும் "வணக்கம்" என்று மொழிபெயர்த்தேன். நான் விலகினால் அவருக்கு அடுத்த றொந்தேவு இரண்டு மாதம் கழித்துத்தான் கிடைக்கும். அதுவும் ஒரு காரணம். முழுக் காரணம் அதுவல்ல. மூன்று வருடத்துக்கு முன் அவருடைய அகதி விண்ணப்பத்தை எழுதியவன் நான்.

குகனைத் தடுத்து வைத்து விசாரித்தது உண்மை. முதுகில் அடித்தது உண்மை. தழும்பை எனக்குக் காட்டியிருந்தார். அவரைப் போன்ற வேறு சிலருக்கு நிராகரிப்பு வந்துகொண்டிருந்த காலம் அது. எழுதி முடித்து வாசித்துப் பார்த்தேன். கதை மெலிந்திருந்தது. வேறொருவருக்கு நடந்ததாக எனக்குத் தெரிந்திருந்த ஒன்றை எடுத்து, குகனின் கதையில் ஒரு வசனமாகச் சேர்த்தேன்: "சப்பாத்துக் காலால் எனது பிறப்புறுப்பில் மூன்று முறை உதைத்தார்கள், நான்கு நாட்கள் சிறுநீரில் இரத்தம் போனது." அகதி அலுவலக நேர்முகத்துக்கு முன் அதை மனப்பாடம் செய்யச் சொன்னேன். அவருக்கு அகதி நிலை கிடைத்தது.

மதாம் கடைசிக் கேள்விக்கு வந்தார். அந்த இடத்தில் எப்போதாவது அடிபட்டதா?

குகன் திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு மேசையைப் பார்த்தபடி சொன்னார். மூன்று முறை, நான்கு நாட்கள், சப்பாத்துக் கால். ஒரு சொல் பிசகவில்லை. வைத்தியசாலையில் வேறு மாதிரிச் சொன்னால் செய்தி அகதி அலுவலகத்துக்குப் போய்விடும், வதிவிட அனுமதிக் கார்ட்டைப் பறித்துவிடுவார்கள் என்று அவர் நம்பினார். எங்கள் ஆட்கள் பலரும் அப்படித்தான் நம்பினார்கள். அரச கட்டடம் எல்லாம் அவர்களுக்கு ஒரே கட்டடம்.

மொழிபெயர்க்கச் சிரமமே இருக்கவில்லை. அந்தப் பிரெஞ்சு வசனமும் என்னுடையதுதான்.

மதாம் பேனாவை எடுத்தார். பத்து நிமிடம் ஆகியிருக்கவில்லை. ஆசை இருக்கிறதா என்று முன்னரே கேட்டிருந்தார். "இருக்கு, இருக்கு" என்று குகன் அவசரமாகச் சொல்லியிருந்தார். அந்த அவசரத்தை மதாம் வேறு நாளாக இருந்தால் விட்டிருக்கமாட்டார். இரத்தப் பரிசோதனைக்கும் எழுதினார். காலை பத்து மணிக்கு முன் கொடுக்க வேண்டிய இரத்தம் அது. நள்ளிரவு தாண்டி வீடு வருகிற சமையல்காரர் போகவில்லை. அடிபட்ட கதை கையில் இருந்ததால் யாரும் துரத்தவுமில்லை.

இரத்தக் குழாயைச் சோதித்தார்கள். உறுப்பின் பக்கவாட்டில் மெல்லிய ஊசியால் ஒரு மருந்தை ஏற்றுவார்கள். பத்துப் பதினைந்து நிமிடத்தில் இரத்தம் நிறைய வேண்டும். பிறகு பசை பூசி, ஒலியலைக் கருவியை வைத்து, இரத்தம் வரும் வேகத்தையும் அது தங்கி நிற்கிறதா என்பதையும் பார்ப்பார்கள். நான் திரைக்கு இந்தப் பக்கம் நின்று, "இப்போது குளிராக இருக்கும்", "அசையாதீர்கள்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். விறைப்பு ஒழுங்காக வந்தது. குழாயில் பழுதில்லை.

அப்படியென்றால் அடி உடம்பில் இல்லை, மனதில் இருக்கிறது என்று மதாம் முடிவு செய்தார். உளவியலாளரிடம் அனுப்பினார். அங்கும் நான்தான். அந்த இளம் பெண் மென்மையாக, ஒவ்வொன்றாகக் கேட்டார். சப்பாத்து என்ன நிறம்? குகன் மறுபடியும் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். "கறுப்பு" என்றார். நானும் கறுப்பு என்றேன்.

நான்கு மாதம் இப்படிப் போனது. இதற்கிடையில் சில விஷயங்கள் என் கண்ணில் பட்டன. அறையை விட்டு வெளியேறும்போது குகனின் தோள் கதவு நிலையில் இடித்தது. அடுத்தமுறை, மேசையோரம் இருந்த தண்ணீர்க் குவளையைத் தட்டிவிட்டார். வெளியே சந்தித்தால் தெரியாதவர்போலப் போக வேண்டும் என்பது எங்கள் விதி. ஒரு நாள் ரூ பெர்தொனேயில் அவர் எதிரே வர, நான் நகைக்கடைக் கண்ணாடியைப் பார்த்தபடி நின்றேன். பக்கவாட்டில் வந்த பெண்ணொருவரின் பையில் நேராகப் போய் மோதினார். அந்தப் பெண் திட்டினார். குகன் அவரை அப்போதுதான் கண்டவர்போல விழித்தார். மூன்று தடவையும் ஓரத்தில்தான் தவறியது. நான் வைத்தியன் இல்லை. ஆனால் மதாமின் கேள்வி வரிசையில் வேறு காரணம் தேடும் கதவு மூடிக் கிடப்பதும், அதை மூடியது எனது வசனம் என்பதும் எனக்குத் தெரியும்.

விதியை மீறி, அடுத்த வாரம் லா சப்பல் மெத்ரோ நிலைய வாசலில் அவரை மறித்தேன். அந்த அடியைப் பற்றிய உண்மையை மதாமிடம் சொல்லிவிடும்படி கேட்டேன். வைத்தியசாலைக் கோப்பு எந்த அலுவலகத்துக்கும் போகாது என்றேன்.

"நீங்கள்தானே அண்ணை எழுதினது? ஒரு சொல்லும் மாத்தாதை எண்டதும் நீங்கள்தானே?"

"அது வேறை இடம். இது வைத்தியம்."

"எனக்கு எல்லாம் ஒரே கார்ட்தான். மனிசியும் அந்தக் கார்ட்டிலைதான் வந்தவா. நீங்கள் வீட்டை போயிடுவியள். நாங்கள் எங்கை போறது?"

"தலையிடி இருக்கோ உமக்கு?"

"குசினிப் புகைக்கு ஆருக்குத்தான் இல்லை? விடுங்கோ அண்ணை. எழுதேக்கை இனிச்சது, இப்ப கசக்குதோ?"

அடுத்த றொந்தேவுக்கு மூவரும் உட்கார்ந்தோம். மதாம் கடிகாரத்தைக் கவிழ்த்து வைத்தார். நான் முதலில் பேசினேன்.

"மொழிபெயர்ப்பாளர் வெளியேற அனுமதி கேட்கிறார். மொழிபெயர்ப்பாளருக்கு இந்த நோயாளியை முன்பே தெரியும்."

"எவ்வளவு காலமாக?"

"முதல் நாளிலிருந்தே."

மதாம் தன் குறிப்புகளில் விரலை வைத்தார். "நான் இங்கே எழுதி வைத்திருப்பதில் இவருடையது அல்லாதது ஏதாவது இருக்கிறதா?"

"மொழிபெயர்ப்பாளரால் அதற்குப் பதில் சொல்ல முடியாது."

அவருக்கு அது போதுமானதாக இருந்தது. தொலைபேசி மொழிபெயர்ப்புச் சேவைக்கு எண்ணை அழுத்தியபடி, கதவைக் கையால் காட்டினார். வெளியே வரும்போது குகனின் முகத்தை நான் பார்க்கவில்லை.

நடைபாதையில் தர்சினி இருந்தார். ஒவ்வொரு முறையும் கூடவே வருவார். யாரும் அவரை உள்ளே அழைத்ததில்லை.

"ஏன் வெளியிலை வந்திட்டீங்கள்?"

"வேறை ஆள் போனிலை கதைக்கிறா."

அவர் கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தார். "அவருக்குச் சரியான தலையிடி. உங்களுக்குச் சொன்னவரோ? பக்கத்திலை நிண்டால் என்னைத் தெரியேல்லை எண்டுறார். முதல் பகிடி எண்டு நினைச்சன். பிறகு ஒருநாள் ரோட்டுக் கடக்கேக்கை கார் வந்தது கூடத் தெரியேல்லை. நான்தான் சேட்டிலை பிடிச்சு இழுத்தனான்."

"இதை உள்ளை போய்ச் சொல்லுங்கோ."

"என்னை ஆர் கூப்பிட்டது?"

கதவைத் தட்டினேன். நோயாளியின் மனைவி ஒன்று சொல்ல வேண்டுமாம் என்றேன். இது மொழிபெயர்ப்பு இல்லை, அதனால் எந்த விதிக்குள்ளும் அடங்காது. தர்சினி உள்ளே போனார். நான் படிகளில் இறங்கி, நிறுத்தங்களை எண்ணாமல் மெத்ரோவில் போய், எங்கோ இறங்கி, திரும்பி வந்தேன்.

அதன்பின் நடந்ததை நெடுநாள் கழித்துக் குகன் சொல்லித்தான் அறிந்தேன். தொலைபேசியில் வந்த குரல் வேறு ஊரிலிருந்த ஒரு பெண்ணுடையது. முகம் தெரியாத அவரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். உதை இல்லை என்பதை. ஆசையே ஒரு வருடத்துக்கு மேலாக இல்லை என்பதை. மதாம் அவரைத் தானே கூட்டிப்போய் மறுநாள் காலை இரத்தம் எடுக்க வைத்தார். அதன்பின் எடுத்த படத்தில் தெரிந்தது: மூளையின் அடியில் உள்ள சுரப்பி ஒன்றில் கட்டி. புற்று இல்லை. ஆனால் அது சுரந்த ஓமோன் ஆசையையும் விறைப்பையும் அணைத்துவிட்டிருந்தது. வளர்ந்து வளர்ந்து பார்வை நரம்பை அழுத்தி, இரண்டு கண்ணின் வெளியோரங்களையும் தின்னத் தொடங்கியிருந்தது. வெட்டவில்லை. வாரத்துக்கு இரண்டு சின்னக் குளிசை. சில வாரங்களில் பார்வை திரும்பத் தொடங்கியது. மற்றதற்குச் சில மாதங்கள். இடது ஓரத்தில் கொஞ்சம் திரும்பி வரவேயில்லை. அந்த நான்கு மாதத்தில் போனதா, முன்னமே போனதா என்று யாராலும் சொல்ல முடியாது.

அடுத்த வருடம் குகன் என்னைத் தேடி வந்தார். கோபமாக இருக்கவில்லை.

"இப்ப எல்லாம் சரி அண்ணை. ஒரு குறையும் இல்லை. ஆனால் ஒவ்வொருமுறையும் அவ 'நோகுதோ' எண்டு கேக்கிறா."

தனக்கு ஏன் முடியவில்லை என்பதற்கு, தர்சினி வந்து சேர்ந்த முதல் மாதமே அந்த உதையை மனைவியிடம் காரணமாகச் சொல்லியிருக்கிறார். கட்டியைப் பற்றி அறிந்த பிறகும் தர்சினி உதையை மறக்கவில்லை. இரண்டும் நடந்தது என்று நினைத்துக்கொண்டார். அன்று தர்சினி சொல்லிவிட்டு வெளியே வந்த பிறகுதான் குகன் தொலைபேசிக்காரப் பெண்ணிடம் உதை இல்லை என்று சொல்லியிருந்தார்.

"நீங்கள் வந்து சொல்லுங்கோ. நான் சொன்னால், மிச்சமும் பொய்யோ எண்டு தேடத் தொடங்கிடுவா."

ஞாயிறு பின்னேரம் ஒபர்வில்லியேக்குப் போனேன். தர்சினி தேத்தண்ணி தந்தார். எது உண்மை, எது நான் எழுதியது என்று வரிசையாகச் சொன்னேன். முதுகுத் தழும்பு உண்மை. மற்றது அவருடையதல்ல.

அவர் கணவரிடம் திரும்பினார். "அப்ப நான் நோகுதோ எண்டு கேக்கேக்கை ஏன் பேசாமல் கிடந்தனீங்கள்?"

குகன் கோப்பையைப் பார்த்தார். "நீர் கேக்கேக்கை நல்லாயிருந்தது."

தர்சினிக்குச் சிரிப்பு வந்தது. அதை அடக்கிக்கொண்டு, "லூசு" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். சிரிப்பு போயிருந்தது.

"அப்ப உது ஆருக்கு நடந்தது?"

அதுவரை யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. பத்திரிகை அலுவலகத்துக்கு வந்த ஒருவருக்கு, என்றேன். என் முன்னால் இருந்து, தானே சொன்னார். குறித்துக்கொண்டேன். செய்தி வெளிவரவில்லை. அவருடைய பெயரையும் சொன்னேன்.

"இப்ப எங்கை அவர்?"

"தெரியாது."

"அவற்றை பேரிலை எங்கையாவது எழுதிக் கிடக்கோ?"

இல்லை என்றேன். நடந்தது முழுவதும் ஓர் அரச அலுவலகத்தில், முத்திரையோடு, குகனின் பெயரில் இருக்கிறது. தர்சினி தன் கணவரைப் பார்த்தார், பிறகு அந்தப் பெயரை மெதுவாக ஒருமுறை தானே சொல்லிப் பார்த்தார், சரியாகச் சொல்கிறேனா என்று என்னிடம் கேட்டார்.